அதே பாவத்துக்கு மறுபடியும் மன்னிப்புக் கேட்கலாமா?

கேள்வி இதுதான்: “ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் அழுது மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டு வாரம் தாங்குகிறது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. இப்போதெல்லாம் ஜெபிக்கவே வெட்கமாக இருக்கிறது. கடவுளுக்கு என்னைப் பார்த்துச் சலித்துப்போயிருக்காதா? நான் உண்மையாக மனந்திரும்பவே இல்லையோ?”

கேட்கலாம். அந்த வெட்கத்தோடேயே கேட்கலாம். பதில் அவ்வளவுதான். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது, பேச வேண்டியது அதைப் பற்றித்தான். நான் எவ்வளவு வருத்தப்படுகிறேனோ அவ்வளவுக்கு மன்னிப்பு. வருத்தம் நீர்த்துப்போனால் மன்னிப்பும் நீர்த்துப்போகும் என்பது அந்தக் கணக்கு. நானும் பல வருடம் இந்தக் கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அழுகை வந்த இரவுகளில் மன்னிப்புக் கிடைத்தது போலவும், கண் வறண்ட இரவுகளில் கிடைக்காதது போலவும் இருக்கும்.

1 யோவான் 1:9 பலருக்கும் மனப்பாடம். “நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்.” மனப்பாடம் ஆனதாலேயே ஒரு சொல்லைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். ‘இரக்கமுள்ளவராயிருக்கிறார்’ என்று எழுதியிருந்தால் யாருக்கும் ஆச்சரியம் இருந்திருக்காது. யோவான் எழுதியதோ ‘உண்மையும் நீதியும்’. பழைய மொழிபெயர்ப்பில் உள்ள ‘உண்மை’ இன்று நம் காதில் பொய்க்கு எதிர்ச்சொல்லாகத்தான் விழுகிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ‘பிஸ்டோஸ்’. நம்பத்தக்கவர், சொன்ன சொல்லில் நிற்கிறவர் என்று பொருள். ‘உண்மையுள்ள ஊழியக்காரன்’ என்கிறபோது தமிழிலும் அந்தப் பொருள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

ஆக, மன்னிப்பது கடவுளின் அன்றைய மனநிலையைப் பொறுத்த காரியம் என்று யோவான் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறார், அதைக் காப்பாற்றுகிறார். ‘நீதி’ என்ற சொல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கிறிஸ்து சிலுவையில் தீர்த்துவிட்ட கடனை மறுபடியும் நம்மிடம் வசூலித்தால் அது அநியாயம். இந்த வசனத்தில் வரும் ‘நாம்’ யார் என்பதையும் பாருங்கள். கடிதம் விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது. எழுதியவர் தன்னையும் சேர்த்துத்தான் ‘நாம்’ என்கிறார்.

இந்த வாக்கு எப்படிக் கொடுக்கப்பட்டது என்று தெரிய ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். எனக்கு வேதாகமத்தில் மிகவும் பிடித்த இடங்களில் அது ஒன்று. தேசத்தைத் தருவேன் என்கிறார் கடவுள். “எதினால் அறிவேன்?” என்று கேட்கிறார் ஆபிராம். மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார் கடவுள். ஆபிராம் அவற்றை நடுவாகத் துண்டித்து எதிரெதிரே வைக்கிறார். உடன்படிக்கை செய்கிறவர்கள் அந்தத் துண்டங்களுக்கு நடுவே நடந்துபோவது அந்தக் காலத்து வழக்கம். சொல் தவறினால் எனக்கும் இந்தக் கதி என்று அதற்கு அர்த்தம். எரேமியா 34-இல் இதே சடங்கைச் செய்துவிட்டுச் சொல் மாறிய தலைவர்களை நோக்கி அந்தக் கதியே வரும் என்று தீர்க்கதரிசி எச்சரிக்கிறார்.

துண்டங்களின்மேல் பறவைகள் வந்து இறங்குகின்றன. ஆபிராம் துரத்துகிறார். பொழுது சாய்கிறது. அவருக்கு அயர்ந்த நித்திரை வருகிறது. இருள் கவிந்த பின் புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையும் துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. ஆபிராம் கடந்துபோனதாக ஒரு வார்த்தை இல்லை. உடன்படிக்கையில் அவர் பங்குக்குச் செய்த வேலை துண்டங்களை வைத்ததும் பறவை விரட்டியதும்தான். அந்தப் பயங்கரமான உறுதிமொழியைக் கடவுள் தாமே தம்மேல் போட்டுக்கொண்டார்.

உங்கள் கேள்விக்கு இது எப்படிப் பதிலாகும் என்றால், இதற்கு முன்னும் பின்னும் ஆபிரகாம் (ஆபிராமுக்குப் பிற்பாடு வந்த பெயர்) செய்ததைப் பாருங்கள். 12-ஆம் அதிகாரத்தில் எகிப்தில் உயிருக்குப் பயந்து, மனைவியைச் சகோதரி என்று சொல்லவைக்கிறார். மாட்டிக்கொள்கிறார், வெட்கப்பட்டு வெளியேறுகிறார். 20-ஆம் அதிகாரத்தில், கேராரில், அதே பயம், அதே பொய். இடையில் எத்தனை வருடம், எத்தனை தரிசனம்! இந்த இரண்டு பொய்களுக்கும் நடுவேதான் 15-ஆம் அதிகாரம் இருக்கிறது. இரண்டாவது பொய்யைச் சொல்லப்போகிற மனிதன் தூங்கிக்கொண்டிருக்கையில்தான் அந்த ஜுவாலை நடந்துபோயிருக்கிறது.

பாவம் என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நியாயாதிபதிகள் 20:16-இல் இடதுகைப் பழக்கமுள்ள 700 வீரர்கள் வருகிறார்கள். மயிரிழைகூடத் தப்பாமல் கவண்கல் எறிவார்கள். அங்கே ‘தப்புவது’ என்பதற்கு வரும் எபிரெயச் சொல்லும் ‘பாவம்’ என்பதற்கு வரும் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. குறி தவறுவது. பிரசங்கங்களில் இதை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். இதோடு நிறுத்திவிட்டால் பாவம் என்பது கைதவறிய பிழை மாதிரி ஆகிவிடும் என்பது என் குறை. சங்கீதம் 32 முதல் இரண்டு வசனங்களில் மூன்று சொற்களை அடுக்குகிறது: மீறுதல், பாவம், அக்கிரமம். மீறுதல் என்பது தெரிந்தே செய்கிற கலகம். அக்கிரமம் என்று மொழிபெயர்க்கப்பட்ட சொல்லின் வேர் ‘கோணல்’. குறி தவறியது ஒரு நாள் நடந்தது. கோணலோ கவணிலேயே இருக்கிறது. எத்தனை முறை எறிந்தாலும் கல் அதே பக்கம்தான் போகும். திரும்பத் திரும்பச் செய்கிறேன் என்று நீங்கள் எழுதியது இந்தக் கோணலைத்தான். அந்தச் சங்கீதம் மூன்றுக்கும் சேர்த்தே மன்னிப்பைப் பாடுகிறது.

வெட்கத்துக்கு வருகிறேன். வெட்கம் தவறு இல்லை. அது உங்களை எந்தப் பக்கம் நடக்கவைக்கிறது என்பதுதான் விஷயம்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸையும், அவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பேதுருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மத்தேயு 27-இன்படி யூதாஸ் மனஸ்தாபப்பட்டான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். “குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்” என்று வாய்திறந்து அறிக்கை செய்தான். வருத்தம், அறிக்கை, திருப்பிக் கொடுத்தல், மூன்றும் இருக்கின்றன. வெளிப்பார்வைக்குப் பேதுருவைவிட அவன் செய்தது அதிகம். பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுததோடு சரி. ஆனால் யூதாஸ் தன் அறிக்கையைக் கொண்டுபோன இடம் ஆசாரியர்களிடம். “எங்களுக்கென்ன, அது உன்பாடு” என்று அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். தன் குற்றத்தோடு தனியாகவே விடப்பட்டான். வருத்தத்தின் அளவைப் பொறுத்து மன்னிப்பு என்றால் யூதாஸ் தப்பித்திருக்க வேண்டும்.

பேதுருவின் கதை ஒரு நெருப்பில் தொடர்கிறது. பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் ஊழியக்காரர்கள் கரிநெருப்பு உண்டாக்கிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். அங்கே நின்றுகொண்டுதான் பேதுரு மறுதலித்தார். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் சீஷர்களுக்காகக் காத்திருக்கும்போதும் கரிநெருப்புப் போட்டு, அதன்மேல் மீன் வைத்திருக்கிறார். கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டிலேயே இந்த இரண்டு இடங்களில் மட்டும்தான் வருகிறது: யோவான் 18:18, 21:9. நனைந்த உடையோடு கரையேறிய பேதுருவின் மூக்கில் முதலில் ஏறியது அந்தப் புகைதான் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஆண்டவர் அவரை அதே இடத்துக்குத் திரும்பக் கூட்டிவந்திருக்கிறார். ஆனால் எடுத்தவுடன் விசாரணை இல்லை. “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்” என்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சு. மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி. கேள்வியும் ‘இனிமேல் செய்யமாட்டாயே?’ என்பது இல்லை. ‘நீ என்னை நேசிக்கிறாயா?’ என்பதுதான். நாமோ ஒவ்வொரு முறையும் கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்: “இனி செய்யவே மாட்டேன் ஆண்டவரே.” அந்த உறுதிமொழி உடையும்போது வெட்கம் இரட்டிப்பாகிறது.

சரி, அதோடு பேதுரு சரியாகிவிட்டாரா? கலாத்தியர் 2-ஐப் படியுங்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து பந்தியிலிருந்து விலகிவிட்டார். பவுல் முகத்துக்கு நேராக எதிர்த்து நின்றார். முற்றத்தில் வேலைக்காரிக்குப் பயந்த அதே பேதுரு. மனிதர் என்ன நினைப்பார்களோ என்ற அதே கோணல். பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து நின்று பிரசங்கித்த பிறகுதான் இது நடக்கிறது. இதனால் அவருடைய மனந்திரும்புதல் போலி என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் உங்களைப் பற்றி மட்டும் ஏன் அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டும்?

லூக்கா 17:4 இன்னும் நேரடியாகப் பேசுகிறது. ஒருவன் ஒரே நாளில் ஏழு தரம் உனக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்து, ஏழு தரமும் வந்து மனஸ்தாபப்படுகிறேன் என்றால் மன்னித்துவிடு என்கிறார் இயேசு. ஏழாவது முறை வருகிறவனின் மனஸ்தாபம் எவ்வளவு ஆழமாக இருந்திருக்கும்? நம்மிடம் இவ்வளவு கேட்கிறவர் தாம் அதைவிடக் குறைவாகச் செய்வாரா?

இனி வேறொரு பக்கம். இதுவரை சொன்னதை வைத்துச் சிலர் சுலபமாகத் தப்பித்துக்கொள்வார்கள். நானே அப்படிச் செய்தவன்.

ஒரு மாலை, அவசரமாக ஒரு வேலையை முடித்துக்கொண்டிருந்தேன். அம்மா கைபேசியோடு வந்து, போட்டோ எப்படி அனுப்புவது என்று கேட்டார். அந்த வாரத்தில் நான்காவது முறை. “முந்தாநாள்தானேம்மா சொன்னேன்” என்றேன். சொற்களில் ஒன்றுமில்லை, குரலில் இருந்தது எல்லாம். “சரிப்பா, நீ வேலையைப் பாரு” என்று சொல்லி, போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கவிழ்த்து வைத்த போன் அன்று இரவு கண்ணைவிட்டுப் போகவில்லை. படுக்கும்முன் முழங்கால் போட்டுக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டேன். மனதாரத்தான் கேட்டேன். சமாதானமும் வந்துவிட்டது. எழுந்து விளக்கை அணைக்கப் போனபோதுதான் உறைத்தது: பத்தடி தள்ளி அடுத்த அறையில் அம்மா இன்னும் விழித்திருந்தார். வானத்தையும் பூமியையும் படைத்தவரிடம் பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்தப் பத்தடியைக் கடப்பது முடியாத காரியமாக இருந்தது.

போனேன். கொஞ்சம் வழிந்துகொண்டு, “சாயங்காலம் கத்திட்டேம்மா” என்றேன். “எப்போ?” என்றார். மறந்துவிட்டாரா, மறந்தது போல இருந்தாரா, இன்றுவரை தெரியாது. பிறகு இருவரும் உட்கார்ந்து அந்தப் போட்டோவை அனுப்பினோம்.

மத்தேயு 5:23-24 இதைத்தான் சொல்கிறது. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு. மோசேயின் சட்டத்திலும் அறிக்கை மட்டும் போதாது: எண்ணாகமம் 5:7-இன்படி எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகக் கொடுக்கிறேன் என்றான், அதுவும் யாரும் கேட்காமலே. மன்னிப்பை வாங்குவதற்காக இவர்கள் விலை கொடுக்கவில்லை. இயேசு தன் வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில்தான் சகேயுவின் கை திறந்தது. மன்னிப்புக் கிடைத்தாலும் விளைவுகள் நிற்கும் என்பதற்குத் தாவீது சாட்சி. “கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்” என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன பிறகும் தாவீதின் வீட்டில் கண்ணீர் ஓயவில்லை. மன்னிப்புக் கேட்டாயிற்றே, இன்னும் ஏன் மனைவி நம்பமாட்டேன் என்கிறாள் என்று சிலர் கோபப்படுவார்கள். கடவுள் உடனே மன்னித்துவிட்டார் என்பதைக் காட்டி, காயப்பட்டவரும் உடனே மறக்க வேண்டும் என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

காயப்பட்டவர் பக்கத்தில் நாம் இருக்கும்போது மத்தேயு 18-இல் வரும் கணக்கு நினைவுக்கு வர வேண்டும். ஒருவனுக்கு 10,000 தாலந்து கடன் தள்ளுபடியாகிறது. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அதாவது 6 கோடி நாள் கூலி. அவன் வெளியே போய், தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். 100 நாள் கூலியும் சின்னத் தொகை இல்லை, கவனியுங்கள். பிறர் நமக்குச் செய்தது ஒன்றுமேயில்லை என்று இயேசு சொல்லவில்லை. அது நிஜமான கடன்தான். 6 கோடிக்குப் பக்கத்தில்தான் அது சிறுத்துப்போகிறது.

இவ்வளவு தாராளம் என்றால் பாவம் செய்துகொண்டே இருக்கலாமே என்ற கேள்வி பவுல் காலத்திலேயே வந்துவிட்டது. “கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே” என்கிறார் ரோமர் 6-இல். மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பை ‘மலிவான கிருபை’ என்று 1937-இல் எழுதினார் ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர். ஹிட்லரை எதிர்த்து, 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டவர் அவர். ஆனால் இந்த எச்சரிக்கை உங்களுக்கு எழுதப்பட்டதாக நான் நினைக்கவில்லை. கிருபையைச் சாக்காக வைத்துப் பாவம் செய்கிறவன் ஜெபிக்க வெட்கமாக இருக்கிறது என்று எழுதமாட்டான்.

கிருபை மெதுவாக வேலை செய்யும். சில சமயம் சகிக்க முடியாத அளவுக்கு மெதுவாக. அதற்கு ஜான் நியூட்டன் உதாரணம். கிருபையைப் பற்றி உலகமெங்கும் பாடப்படும் ஆங்கிலப் பாடலை எழுதியவர். 1748-இல் கப்பல் புயலில் சிக்கியபோது கடவுளைக் கூப்பிட்டு மனந்திரும்பினார் என்பது பலருக்குத் தெரிந்த கதை. அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைக் கப்பல்களில் போய்வந்தார் என்பதை அவ்வளவாகச் சொல்லமாட்டார்கள். கீழ்த்தளத்தில் மனிதர்கள் சங்கிலியில் கிடக்க, மேலே கேப்டன் ஜெபித்துக்கொண்டிருந்தார். 1764-இல் குருவானவர் ஆனார். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து, தன் பங்கையும் ஒத்துக்கொண்டு அவர் வெளிப்படையாக எழுதியது 1788-இல். புயலிலிருந்து 40 வருடம். இதை நான் ஆறுதலாக மட்டும் சொல்லவில்லை. அந்த 40 வருடத் தாமதத்துக்கு மற்றவர்கள்தான் விலை கொடுத்தார்கள். நம் கண்ணுக்கே தெரியாத பாவங்களும் நம்மிடம் இருக்கலாம் என்பதால்தான் சொல்கிறேன். நீங்கள் வெட்கப்படுகிற அந்த ஒன்று, நல்லவேளையாக, உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது.

நடைமுறைக்கு இரண்டு மூன்று காரியங்கள். பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கை செய்யுங்கள். ‘நான் பெரும் பாவி’ என்று பொதுவாகச் சொல்வது எளிது, வலிக்காது. ‘இன்று சக ஊழியரைப் பற்றிப் பொய் சொன்னேன்’ என்பது வலிக்கும். இரண்டாவது, தனியாகச் சுமக்காதீர்கள். “உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள்” என்கிறது யாக்கோபு 5:16. கத்தோலிக்கர் என்றால் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. மற்றவர்கள் வாய்காக்கத் தெரிந்த ஒரு நண்பரையோ போதகரையோ தேடிக்கொள்ளலாம். ‘நான் அடக்கிவைத்தமட்டும் என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று’ என்கிற தாவீதின் வரி ஒரு மருத்துவக் குறிப்பு மாதிரி அவ்வளவு துல்லியம். மூன்றாவது, அது குடி, சூதாட்டம், ஆபாசப் படம் போன்ற அடிமைத்தனம் என்றால், ஜெபத்தோடு கூட மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

ஒன்றுமே உணர முடியாத நாட்களும் வரும். அப்போது புலம்பல் 3-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கர்த்தருடைய இரக்கங்களைப் பற்றி அங்கே இப்படி இருக்கிறது: “அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது.” வாழ்த்து அட்டைகளில் சூரிய உதயப் படத்தோடு அச்சடிக்கப்படும் வசனம். எழுதப்பட்ட சூழலோ எருசலேம் எரிந்து, ஆலயம் இடிந்து, தெருவில் குழந்தைகள் பசியால் சுருண்டு விழுந்த காலம். நடந்ததற்குத் தங்கள் பாவம்தான் காரணம் என்று அந்தப் புத்தகம் ஒளிக்காமல் சொல்கிறது. ஐந்து அதிகாரங்களில் இந்த வரிகள் நடு அதிகாரத்தில் வருகின்றன. அதன் பிறகும் புலம்பல் தொடர்கிறது. நிலைமை ஒன்றும் மாறிவிடவில்லை. அந்த இடிபாட்டில் உட்கார்ந்துகொண்டே ஒருவர் ‘உமது உண்மை’ என்று எழுதியிருக்கிறார். அதே ‘உண்மை’, சொன்ன சொல் மாறாதது. வனாந்தரத்தில் மன்னாவும் காலைதோறும்தான் விழுந்தது; நாளைக்கென்று எடுத்துவைத்தது புழுத்துப்போனது. அடுத்த மாதம் விழாமல் இருப்பதற்கான பலத்தை இன்றிரவே கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த முடியாது.

ஜெபிக்க வெட்கமாக இருக்கிறது என்றீர்களே, லூக்கா 18-இல் வரும் ஆயக்காரனுக்கும் (வரி வசூலிப்பவனுக்கும்) அப்படித்தான் இருந்தது. தூரத்திலேயே நின்றுவிட்டான், கண்ணை ஏறெடுக்கவும் துணியவில்லை. அவன் முந்தின வாரமும் இதே பாவத்துக்காக வந்திருந்தானா, அடுத்த வாரமும் வந்தானா என்று இயேசு சொல்லவில்லை. இனிமேல் திருந்திவிடுவேன் என்று அவன் சொன்னதாகவும் இல்லை. “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.” தமிழில் நான்கு சொற்கள். நீதிமானாக்கப்பட்டவனாய்த் தன் வீட்டுக்குத் திரும்பிப்போனான்.